ஒரே அடுப்பில் இரண்டு உலை

வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு வரும் கேள்வி இது. "அண்ணா, லைவ் டேட்டாபேஸை அதே சர்வர்லயே இன்னொரு பேர்ல ஒரு காப்பி போட்டுக்கட்டுமா? ஒரு வரிதான்." கேட்கிற பையன் பொய் சொல்லவில்லை. போஸ்ட்கிரெஸில் அது ஒரு வரிதான்: கிரியேட் டேட்டாபேஸ், புதுப் பெயர், டெம்ப்ளேட், பழைய பெயர், ஓர் அரைப்புள்ளி. அந்த ஒரு வரியை எந்த வேலைக்கு நம்பலாம், எந்த வேலைக்கு நம்பக்கூடாது என்று எடைபோட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். சூடுபட்டவன் என்பதால் எனக்கு ஒரு சாய்வு உண்டு. அது போகப்போகத் தெரிந்துவிடும்.

போஸ்ட்கிரெஸில் எந்த டேட்டாபேஸும் வெறுமையிலிருந்து பிறப்பதில்லை. பெயரை மட்டும் கொடுத்து ஒன்றை உருவாக்கினாலும், ‘டெம்ப்ளேட்1’ என்ற அச்சின் படிதான் நம் கைக்கு வருகிறது. அதை யாராவது கெடுத்து வைத்துவிட்டால் எடுத்துக்கொள்ள, கை படாத ‘டெம்ப்ளேட்0’ ஒன்றும் பரணில் இருக்கிறது. ஆக, நகலெடுப்பது இந்த மென்பொருளுக்குப் புது வித்தையல்ல, அன்றாடப் பிழைப்பு. அச்சின் இடத்தில் நம் டேட்டாபேஸின் பெயரைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். ஆனாலும், பொதுவான நகல் கருவியாக இதை ‘இன்னும்’ நினைக்கவில்லை என்று கையேடே ஒதுங்கிக்கொள்கிறது. அந்த ‘இன்னும்’ பல பதிப்புகளாக அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கிறது. எழுதியவர்களுக்கு விஷயம் தெரியும்.

விஷயம் இதுதான்: மூலத்தில் யாரும் இருக்கக்கூடாது. கட்டளையை அடித்து என்டரைத் தட்டினால் கர்சர் சும்மா நிற்கும். ஓடுகிறது என்று நினைப்போம். அது ஓடவில்லை, காத்திருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் கிளம்ப ஐந்து விநாடி அவகாசம் கொடுத்துப் பார்த்துவிட்டு, மூல டேட்டாபேஸை வேறு பயனர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று பிழை காட்டும். கீழே விவரம்: இன்னும் 1 செஷன் இருக்கிறது. அந்த ஒரு செஷன் பாதி நேரம் நம்முடையதே, பக்கத்து டேபில் மறந்துபோன பிஜி அட்மின் ஜன்னல். மீதி நேரம் அப்ளிகேஷனின் கனெக்‌ஷன் பூல். அதை ஒரு பக்கம் துரத்தினால் மறுபக்கம் ஈ மாதிரி வந்து உட்காரும். இணைப்பை அனுமதிக்காதே என்று டேட்டாபேஸுக்கே பூட்டுப் போட்டுவிட்டு, இருப்பவர்களை வெளியேற்றிவிட்டு, பிறகு நகலெடுத்து, பிறகு பூட்டைத் திறக்க வேண்டும். நகல் ஓடும் நேரம் முழுக்கப் புது இணைப்பு எதுவும் உள்ளே வராது.

இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். பழைய காலத்தில் ஏட்டைப் படியெடுப்பவர் கையில் மூலச்சுவடி இருக்கும்வரை இன்னொருவர் அதில் திருத்தம் எழுத முடியாது. எழுதினால் படி இரண்டுங்கெட்டானாகிவிடும். டெம்ப்ளேட் வழியும் அப்படித்தான், ஃபைலை ஃபைலாக, பிளாக்கைப் பிளாக்காக எடுத்து வைக்கிறது. மூலம் அசையாமல் இருந்தால்தான் படி நேராக வரும். சின்ன டேட்டாபேஸ் என்றால் ஒரு தந்திரம் இருக்கிறது. முன்னால் பிஜிபவுன்சர் நின்றால் அதில் பாஸ் போட்டு, நகல் முடிந்ததும் ரெஸ்யூம் கொடுக்கலாம். பயனருக்குப் பிழை வராது, பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறந்ததாகத்தான் தோன்றும். ஆனால் அது ஒன்றிரண்டு ஜிபி வரைக்கும்தான். நூறு ஜிபிக்கு பாஸ் போட்டு உட்கார்ந்திருந்தால் போன் அடிக்க ஆரம்பிக்கும்.

சரி, ஆட்களை வெளியேற்றி நகல் எடுத்தாயிற்று. அது மூலத்துக்கு எவ்வளவு விசுவாசம்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டேபிள், இண்டெக்ஸ், சீக்வென்ஸ், ஃபங்க்‌ஷன், பிளானர் கணக்குவழக்கு என்று டேட்டாபேஸின் உள்ளே இருப்பதெல்லாம் வரும். டேட்டாபேஸின் மேல் ஒட்டப்பட்டது வராது. ஆல்டர் டேட்டாபேஸ் கொண்டு செய்த செட்டிங்குகளும், டேட்டாபேஸ் அளவில் கொடுத்த அனுமதிகளும் மூலத்தோடு நின்றுவிடும்.

ஒருமுறை இதில் நான் முக்கால் மணி நேரம் தொலைத்திருக்கிறேன். நகல் சுத்தமாக முடிந்தது. அப்ளிகேஷனைத் திருப்பிவிட்டால், இன்வாய்ஸ் என்ற டேபிளே இல்லை என்கிறது. நானே உள்ளே போய்ப் பார்க்கிறேன், டேபிள் இருக்கிறது, வரிசைகள் இருக்கின்றன, எண்ணிக்கையும் சரி. அப்ளிகேஷனின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. காரணம் சர்ச் பாத். எந்த ஸ்கீமாவில் முதலில் தேட வேண்டும் என்ற வரியை யாரோ ஒரு புண்ணியவான் வருஷங்களுக்கு முன்பு டேட்டாபேஸ் செட்டிங்காக வைத்துவிட்டுப் போயிருந்தார். நகலில் அது இல்லை.

இது நேரத்தைத்தான் தின்றது. அனுமதி விவகாரம் ஆபத்தானது. புது டேட்டாபேஸ் எதிலும் யார் வேண்டுமானாலும் இணையலாம் என்பதுதான் போஸ்ட்கிரெஸின் இயல்புநிலை. மூலத்தில் அதைக் கவனமாகப் பிடுங்கியிருப்போம், சம்பளக் கணக்கு டேட்டாபேஸில் ரிப்போர்ட் பயனர் நுழையக்கூடாது என்று. நகலில் அந்தப் பிடுங்கல் வராது, கதவு திறந்தபடி பிறக்கும். உள்ளே டேபிள் அளவிலான உரிமைகள் அப்படியே இருக்கும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் வாசலில் மட்டும் காவல் வைத்துவிட்டு உள்ளறைகளைத் திறந்து போட்டிருக்கும் ஆபீஸ்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வழி, பிஜி டம்ப். மூலத்தில் யார் இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. ஒரு கணத்தில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டு, எழுதுபவர்களை எழுதவிட்டு, தன்பாட்டுக்கு வெளியே இறக்கும். அதை இன்னொரு பெயரில் ஏற்றிக்கொள்ளலாம். வாழும் டேட்டாபேஸுக்கு ஏற்ற நாகரிகமான வழி இதுதான். இலவசமல்ல. டம்ப் மணிக்கணக்கில் ஓடினால் அந்தப் பழைய காட்சி அவ்வளவு நேரமும் உயிரோடு இருக்க வேண்டும், அதுவரை செத்த வரிசைகளை வேக்யூம் கூட்டித்தள்ள முடியாது. ஏற்றும்போது இண்டெக்ஸ் ஒவ்வொன்றையும் புதிதாகக் கட்டுவதால், அதே சர்வரின் சிபியு அதற்கும் போகும். முடிந்ததும் அனலைஸ் ஓட்டிவிடுவது நல்லது.

டம்பைச் சிலாகிப்பவர்கள் ஒரு குழியைச் சொல்வதில்லை. பெரும்பாலானோர் டம்பையும் பிஎஸ்க்யூஎல்லையும் ஒரு பைப்பால் கோத்து ஒரே வரியில் ஓட்டுகிறார்கள். இடது பக்கம் டம்ப் நடுவழியில் செத்துப்போனால், வலது பக்கத்துக்கு அது தெரியாது. வந்தவரை ஏற்றிவிட்டு, வெற்றி என்று பூஜ்யத்தைத் திருப்பும். ஷெல்லும் கடைசி ஆளின் சொல்லைத்தான் நம்பும். போதாததற்கு, பிஎஸ்க்யூஎல் இயல்பாகவே பிழை வந்தாலும் அடுத்த வரிக்குப் போய்விடும் குணம் கொண்டது. விளைவு, 212 டேபிளில் 180 வந்த ஒரு நகல், எந்தச் சிவப்பெழுத்தும் இல்லாமல். பிழை வந்தால் நில் என்ற சுவிட்சையும், ஷெல்லில் பைப்ஃபெயிலையும் போடாமல் இந்த வழியைப் பயன்படுத்துபவருக்கு, டெம்ப்ளேட் வழியைக் குறைசொல்ல உரிமை கிடையாது. டெம்ப்ளேட் முழுசாக வரும், அல்லது வரவே வராது.

இரண்டில் எது உண்மையான படி? கேள்வியைப் பொறுத்தது. கணக்கு சரியா, புது ஸ்கிரிப்ட் சரியான வரிசைகளை மாற்றுகிறதா என்றால் இரண்டும் ஒன்றே. ஆனால், இந்தக் குவெரி ஏன் நாற்பது விநாடி எடுக்கிறது என்று ஆராய நகல் எடுத்தால் டம்ப் பொய் சொல்லும். மூலத்தில் வருஷக்கணக்கில் ஊதிப்போன டேபிளும் ஓட்டை விழுந்த இண்டெக்ஸும் ஏற்றும்போது மெலிந்து, புதுசாகிவிடும். நகலில் அதே குவெரி மூன்று விநாடியில் முடியும். எங்கள் பக்கம் பிரச்சினையே இல்லையே என்று ஒருவர் சொல்வார். டெம்ப்ளேட் நகல் ஊதிப்போனதையும் அப்படியே ஊதிப்போனதாகத் தரும். இந்த ஒரு விஷயத்தில் பழுதோடு வரும் படிதான் நல்ல படி.

இனி செலவு. 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பு வரை, டெம்ப்ளேட் வழி கோப்புறையை அப்படியே காப்பி அடித்தது, முன்னும் பின்னும் ஒரு செக்பாயிண்ட் போட்டு. அந்த செக்பாயிண்ட் பிஸியான சர்வரை ஒரு குலுக்குக் குலுக்கும். 15-இல் இயல்பு வழியை மாற்றினார்கள். இப்போது ஒவ்வொரு பிளாக்கும் ரைட் அஹெட் லாக்கிலும் எழுதப்படுகிறது. எங்கள் பேச்சில் அது ‘வால்’. பெயர்ப் பொருத்தம், எங்கே போனாலும் பின்னாலேயே வரும். அச்சு சின்னதாக இருந்தால் இந்தப் புது வழி குலுக்கல் இல்லாதது, அருமை. பெரிதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 ஜிபி டேட்டாபேஸுக்கு 80 ஜிபி நகல், அதோடு கிட்டத்தட்ட அதே அளவு வால். ஸ்டாண்ட்பை இருந்தால் அந்த வால் முழுவதும் நெட்வொர்க்கில் அங்கேயும் போகும், அங்கேயும் 80 ஜிபி இடம் பிடிக்கும். ஸ்டாண்ட்பை பின்தங்கியிருந்து, அதற்காக ஸ்லாட் வால்களைப் பிடித்து வைத்திருந்தால், அது கரையவும் கரையாது. வால் இருக்கும் டிஸ்க் நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் மன்னிப்பதில்லை. பேனிக் அடித்து மொத்தமாக நின்றுவிடும். நகல் எடுக்கப்போய் மூலம் படுத்த கதை இப்படித்தான் நடக்கிறது. பெரிய டேட்டாபேஸுக்கு, ஸ்ட்ராட்டஜி என்ற இடத்தில் பழைய ஃபைல் காப்பி வழியைக் கையால் குறிப்பிடுவதே மேல்.

2025 செப்டம்பரில் வந்த 18-ஆம் பதிப்பு இந்தக் கணக்கையே கலைத்துவிட்டது. ஃபைல் காப்பி முறையை ‘குளோன்’ என்று வைத்துக்கொண்டால், எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்களில் போஸ்ட்கிரெஸ் எதையும் காப்பி அடிப்பதில்லை. இரண்டு பெயரும் ஒரே பிளாக்குகளைச் சுட்டுகின்றன, யாராவது எழுதும்போதுதான் அந்தப் பிளாக் பிரிகிறது. பெரிய டேட்டாபேஸும் டீ ஆறுவதற்குள் நகலாகிவிடும், இடமும் பிடிக்காது. ஈஎக்ஸ்டி4 வைத்திருப்பவர்களுக்கு இது கிடையாது. மூலத்தில் யாரும் இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் போகவில்லை. ஆனால் ஆட்கள் வெளியே நிற்க வேண்டிய நேரம் சுருங்கிவிட்டதால், நிபந்தனையின் முள் மழுங்கிவிட்டது. மனம் திறந்து பாராட்ட வேண்டிய வேலை. எனக்கு உள்ளூர ஒரு பயமும் இருக்கிறது. நகல் எடுக்க இரண்டு மணி நேரம் ஆன காலத்தில் ‘தேவையா’ என்று ஒருமுறை யோசித்தார்கள்.

மற்ற ஊர்களில் நிலவரம் என்ன என்று சுருக்கமாக. மைஎஸ்க்யூஎல்லில் ஒரு டேட்டாபேஸை மட்டும் நகலெடுக்கக் கட்டளையே இல்லை, டம்ப்தான் கதி. 8.0.17-இல் வந்த குளோன் பிளகின் மொத்த சர்வரையும் எடுக்கும், ஒற்றை டேட்டாபேஸை அல்ல. எஸ்க்யூஎல் சர்வரில் பேக்கப் எடுத்து வேறு பெயரில் ரெஸ்டோர் செய்வதுதான் வழி. ஃபைல்களுக்குப் புது இடம் சொல்ல ‘மூவ்’ போட மறந்தால் மூலத்தின் ஃபைல் மேலேயே போய் நிற்கும், மூலம் ஓடிக்கொண்டிருந்தால் சர்வர் அதைத் தடுத்துவிடும். அங்கே ‘குளோன் டேட்டாபேஸ்’ என்றே ஒரு கட்டளை உண்டு, பெயரை நம்பிப் போனால் டேபிள்கள் வெறுமையாக இருக்கும். அது அமைப்பையும் புள்ளிவிவரத்தையும் மட்டும் எடுப்பது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் புள்ளிவிவரத்துக்குள் நிஜமான சில மதிப்புகள் இருக்கும். தரவே இல்லை என்று வெளியாருக்கு அனுப்பினால் நாலு வாடிக்கையாளரின் பெயரும் கூடவே போகலாம். ஆரக்கிளில் பிளக்கபிள் டேட்டாபேஸை ஓடும்போதே குளோன் செய்ய 12.2 பதிப்பு முதல் முடிகிறது. ‘ஆள் இருந்தால் முடியாது’ என்ற விஷயத்தில் போஸ்ட்கிரெஸ் பின்தங்கித்தான் இருக்கிறது, அதை மறைப்பானேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எப்படி எடுப்பது என்பது. எனக்குச் சூடு பட்டது எடுத்த பிறகு. ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், தவணை நினைவூட்டும் எஸ்எம்எஸ்கள் ஒரு டேபிளில் வரிசையாக நிற்கும். ஒரு வேலைக்காரன் நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து எடுத்து அனுப்புவான். டெஸ்டுக்கென்று அதே சர்வரில் நகல் எடுத்தோம். நகலில் அந்த வரிசையும் இருந்தது. டெஸ்ட் அப்ளிகேஷனைக் கிளப்பினோம், அதற்கும் ஒரு வேலைக்காரன் உண்டு. மதியத்துக்குள் கடன் கட்டி முடித்தவர்களிடமிருந்துகூட அழைப்பு வர ஆரம்பித்தது: "ஒரே மெசேஜை ரெண்டு தடவை அனுப்பி மிரட்டுறீங்களா சார்?" நகல் பிழையில்லாமல் எடுக்கப்பட்டிருந்தது. அதுதான் கோளாறு.

டேட்டாபேஸ் என்பது தரவு மட்டும் அல்ல, அது வெளியே பேசும் வாயும்கூட. ஃபாரின் டேட்டா ரேப்பர் வைத்திருந்தால், வேறு சர்வரின் முகவரியும் கடவுச்சொல்லும் நகலோடு வரும். நகலில் உட்கார்ந்து டெஸ்ட் என்று நினைத்து ஒரு வரிசையை அழித்தால், அது அந்தப் பக்கம் நிஜத்தில் அழியும். இதை நன்றாகப் புரிந்துகொண்ட மென்பொருள் ஓடூ. அதன் டேட்டாபேஸ் மேனேஜரில் ‘டூப்ளிகேட்’ பொத்தானை அழுத்தினால் உள்ளே நடப்பது இதே டெம்ப்ளேட் கட்டளைதான், மூலத்தில் இருப்பவர்களின் இணைப்பை முதலில் துண்டித்துவிட்டு. டிஸ்கில் தனியாக இருக்கும் அட்டாச்மென்ட் ஃபைல்களையும் அது சேர்த்துக் காப்பி அடிக்கிறது. நாம் கையால் செய்யும்போது மறப்பது அதைத்தான். 16-ஆம் பதிப்பிலிருந்து ‘நியூட்ரலைஸ்’ என்று ஒரு தேர்வும் வைத்தார்கள், நகலின் மெயில் சர்வர், தானாக ஓடும் வேலைகள் எல்லாவற்றையும் அணைத்துவிடும். பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் பாம்பை வெளியே விடுகிறார்கள். டெஸ்ட் நகலில் நிஜ வாடிக்கையாளரின் தொலைபேசி எண் இருப்பது இந்தியாவில் இனி சட்டப் பிரச்சினையும்கூட. பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

‘அவசரத்துக்கு ஒரு பேக்கப் மாதிரி இருக்கட்டும்’ என்று சொல்லி அதே சர்வரில் நகல் எடுப்பவர்களுக்கு கிட்லேபின் கதையைச் சொல்வேன். 2017 ஜனவரி 31 இரவு, இரண்டாம் சர்வரின் டேட்டா கோப்புறையை அழிக்க நினைத்த எஞ்சினியர், முதன்மை சர்வரில் இருந்தபடி அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிச்சம். தினசரி டம்ப் இருக்கிறதே என்று பார்த்தால், 9.6 டேட்டாபேஸின் மேல் 9.2-இன் டம்ப் கருவி ஓடித் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. காப்பாற்றியது, ஆறு மணி நேரம் முன்பு ஸ்டேஜிங்குக்காகக் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட். அது வேறு சர்வரில் இருந்தது. போஸ்ட்கிரெஸில் இயல்பாக ஒரு சர்வரின் டேட்டாபேஸ்கள் அத்தனையும் ஒரே டேட்டா கோப்புறைக்குள் எண் போட்ட அறைகளாகத்தான் இருக்கின்றன. அன்றைக்கு அந்த நகல் முதன்மையின் பக்கத்து அறையில் இருந்திருந்தால், அதுவும் சேர்ந்தே போயிருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு கறாரானது. அசையாத அச்சிலிருந்து, குறுகிய ஆயுளுக்கு எடுக்கும் நகலுக்கு, அதே சர்வரில் டெம்ப்ளேட் வழியை விட நல்லது கிடையாது. ஜாங்கோவில் டெஸ்டுகளை இணையாக ஓட்டினால் ஒவ்வொரு வேலையாளுக்கும் ஒரு டேட்டாபேஸை அது இப்படித்தான் பிரித்துக் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் அழித்தும்விடுகிறது. இந்தக் கட்டளைக்கு இயல்பான வீடு அதுதான். வாழும் டேட்டாபேஸை லைவ் சர்வரிலேயே நகலெடுப்பதை நான் ஏற்கவில்லை, சின்னதாக இருந்து, வாயைக் கட்டி, கதவையும் பூட்டினால் தவிர. 18-இன் மின்னல் வேகம் என் எண்ணத்தை மாற்றவில்லை. டிஸ்க் செலவைத்தான் அது குறைத்தது. நகலில் ஒரு குவெரி தறிகெட்டு ஓடினால் மெமரியும், இயல்பாக நூறே இருக்கும் இணைப்புகளும், மூன்றே மூன்று ஆட்டோவேக்யூம் வேலையாட்களும் இரண்டு டேட்டாபேஸுக்கும் பொதுதான். பேக்கப் என்ற பெயரில் எடுப்பதை எந்த நிபந்தனையோடும் ஏற்கமாட்டேன்.

அன்றைக்குப் பையனிடம் "எதுக்குப்பா?" என்று கேட்டேன். பெரிய டேபிளில் ஒரு நெடுவரிசையின் வகையை மாற்றும் மைக்ரேஷன், எவ்வளவு நேரம் டேபிளைப் பூட்டும் என்று பார்க்க வேண்டுமாம். நியாயமான தேவை. ஊதிப்போன டேபிள் அப்படியே வேண்டும், டம்ப் உதவாது. முந்தின இரவின் பேஸ் பேக்கப்பை ஒரு தனி மெஷினில் ஏற்றச் சொன்னேன். பேக்கப் உயிரோடுதான் இருக்கிறதா என்பதும் அப்படியே தெரிந்துவிடும். அவன் முகம் சுருங்கியது, ஒரு வரி வேலை ஒன்றரை மணி நேரமாகிவிட்டதே என்று.

போகிறபோக்கில் லைவ் சர்வரில் டேட்டாபேஸ் பட்டியலைத் திறந்து பார்த்தோம். மூலத்தின் கீழே, அதே பெயரில் ஆளுக்கொரு பின்னொட்டோடு மூன்று நகல்கள். யாருடையவை என்று குழுவில் கேட்டோம், ஒருவரும் கை தூக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பிறந்த தேதியைக் குறித்து வைப்பதில்லை. அதன் கோப்புறையில் பதிப்பு எண் எழுதிய சின்ன ஃபைல் ஒன்று இருக்கும், அதன் தேதியைப் பார்த்து வயதை ஊகிக்கலாம். மூன்றில் மூத்ததற்கு மூன்றரை வயது. பின்னொட்டு, ‘டெம்ப்’.